மேம்பாலத்தில் கார் இல்லை

அன்று மதியம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்:

அப்பா, பொன்னுரங்கம். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டியவர். முட்டி தேய்ந்த பிறகு வீட்டோடு இருந்தார்.

அம்மா, செண்பகம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலை.

அக்கா, நிஷா. அரசாங்கத்தின் வெள்ள முன்னறிவிப்பு மையத்தில் ஒப்பந்த ஊழியர்.

மெஹபூப் அலி பாய். மெத்தை தைக்கிறவர். முன்பு எங்கள் எதிர் வீடு.

நான், அசோகன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி முதலில் இதைத்தான் கேட்டார். யார் யார் இருந்தீர்கள், பெயர் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னதும் பேனாவை நிறுத்தி, "இறந்தவரா?" என்றார்.

"அப்ப உயிரோட இருந்தாரு" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்டதெல்லாம் எச்சரிக்கையைப் பற்றித்தான். எப்போது கொடுத்தார்கள், யார் மூலம் கொடுத்தார்கள், காதில் விழுந்ததா. எச்சரிக்கை கொடுத்தார்கள். அதில் சந்தேகமில்லை. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், போனில் அலறவிட்டார்கள், என் அக்கா நேரிலேயே வந்து சொன்னாள். ஏன் யாரும் நம்பவில்லை என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அறிக்கையில் 'அறியாமை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அறியாமை இல்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது.

மந்தைவெளியிலிருந்து அடையாற்றுப் பக்கம் இறங்கும் தெருக்களில் கடைசித் தெரு எங்களுடையது. ஒரு பக்கம் ஆறு. இன்னொரு பக்கம் அபார்ட்மென்ட்டின் சுவர். அது எங்கள் கூரையைவிட உயரம், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது. ஆற்றுக்கு நாங்கள் எவ்வளவு கிட்டமோ அவ்வளவு கிட்டம்தான் அந்த அபார்ட்மென்ட்டும்.

அன்று நல்ல வெயில். கொடியில் போட்ட துணி சருகாகக் காய்ந்திருந்தது. நான் பெசன்ட் நகரில் இரவுக் காவல் முடித்துவிட்டு வந்து படுத்தவன், வெக்கையில் தூக்கம் கலைந்து உட்கார்ந்திருந்தேன். மெஹபூப் அலி பாய் வாசல் பக்கம் உட்கார்ந்து அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது வீடு ஊருக்கு வெளியே, மறுகுடியமர்வு அடுக்குமாடியில், ஐந்தாவது மாடி. பிழைப்பு மட்டும் இன்னும் மயிலாப்பூர் பக்கம்தான். மெத்தை பிரிக்கிற வேலைக்கு மொபெட்டில் வருவார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

தெருமுனையில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தது. தாழ்வான பகுதி மக்கள் உடனே பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும். கார்ப்பரேஷன் ஏற்பாடு செய்த ஆட்டோதான். ஆனால் முன்பக்கம் ஆளுங்கட்சிக் கொடி கட்டியிருந்தது. கழற்ற மறந்துவிட்டார்களோ என்னவோ.

"கொடி கட்டிகினு வந்து மழ வருதுன்றான். இவன் கட்சி மீட்டிங்ல கூட இதே கொரல்ல தான் பேசுவான்" என்றார் அப்பா.

பாய் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "மழய கூட அவங்க தான் வுடறாங்க நைனா. ஓட்டு போட்டா வருமாம்."

அப்போதுதான் நிஷா உள்ளே வந்தாள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. முகமெல்லாம் வேர்வை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, துணிமணி எடு. அப்பா, கெளம்பு. எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிடணும்."

"வந்ததும் வராததுமா இன்னாடி" என்றாள் அம்மா.

"மேல ரெண்டு நாளா கொட்டுது. ஏரி ரொம்பிடுச்சு. இப்ப தொறந்துவிடப் போறாங்க. பொழுது சாயறதுக்குள்ள தண்ணி இங்க வந்துடும். கடலும் ஏத்தத்துல இருக்கு, முகத்துவாரத்துல உள்ள வாங்காது. தண்ணி இங்கயேதான் நிக்கும்."

அப்பா கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தார். "மழயா? எங்க கீது மழ?"

"இங்க இல்லப்பா. மேல."

"மேலன்னா? நாலாவது மாடிலயா?"

"காஞ்சிபுரம் பக்கம்பா. வெளையாடாத."

"நான் எங்கம்மா வெளையாடறேன். போன தடவ வெளையாண்டது யாரு?"

பாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன முறை அவள் தெருவைக் கிளப்பியபோது நடந்தது இது. நிஷா வேலைக்குச் சேர்ந்த புதிது. அவளுடைய மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. அவள் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னாள். எங்கள் வீட்டுப் பெண், ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குப் போனது. மழை வழி மாறிப் போய்விட்டது. அது யார் குற்றமும் இல்லை. ஆனால் மழைக்குப் பதில் ஜேசிபி வந்தது. பூட்டியிருந்த கதவுகளில் 'ஆள் இல்லை' என்று பெயிண்ட்டால் எழுதினார்கள். எழுதிய வீடுகளை இடித்தார்கள். ஆற்றோரத்து வரிசை முழுக்கப் போனது. கேட்டதற்கு, "இது அபாயப் பகுதின்னு விஞ்ஞானிங்களே சொல்லிட்டாங்க, நீங்களும் ஒத்துக்கிட்டுதான காலி பண்ணீங்க" என்றார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இடித்த இடத்தில் ஆற்றோரப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டி, கட்சிக்காரர்கள் லட்டு கொடுத்தார்கள்.

பாய் தன் வீட்டுக்கு இரண்டு பூட்டு போட்டுவிட்டுப் போனவர். தையல் மெஷினும் இலவம்பஞ்சு மூட்டைகளும் உள்ளே இருந்தன. திரும்பி வந்தபோது பஞ்சு தெரு முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. "ஒரு சொட்டு ஈரம் இல்ல நைனா அந்தப் பஞ்சுல" என்று இன்றைக்கும் சொல்வார். அவர் மனைவி அன்வரி பேகம் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

மீதி இருந்த வரிசை எங்களுடையது. நாங்கள் இரண்டு முடிவு எடுத்தோம். கூட்டம் போட்டு எடுத்ததில்லை, தானாகவே வந்த முடிவுகள்.

ஒன்று, யார் என்ன சொன்னாலும் வீட்டுக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வர வேண்டும். அந்த ஆள் குடும்ப அட்டையில் தலைவராக இருக்கிறவர் என்றால் நல்லது, ஆள் கணக்கெடுக்க வருகிறவர்கள் அவர் கைரேகையைத்தான் கேட்பார்கள். ஆகவே ஓடத் தெரிந்தவர்கள் எல்லாம் ஓடலாம், ஓட முடியாத கிழவனும் கிழவியும் உள்ளே இருப்பார்கள். யாரும் அதை இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்னொன்று, மேம்பாலம். இந்த ஊரில் வெள்ளம் வரும் என்றால் கார் வைத்திருப்பவர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஏற்றிவிடுவார்கள். போலீஸ் விரட்டினாலும் எடுக்க மாட்டார்கள். அதனால் எங்கள் தெரு மழைச் செய்தி கேட்பதை விட்டுவிட்டது. எச்சரிக்கை என்றால் யாராவது ஒருவர் போய்ப் பார்த்து வருவார். மேம்பாலத்தில் கார் நின்றால் வெள்ளம். நிற்காவிட்டால் ஜேசிபி. இது ஒரு தடவையும் பொய்த்ததில்லை. போன மழைக்காலத்தில் கார் நின்றது, முழங்கால் அளவு தண்ணீர் வந்தது.

"கார் இன்னா சொல்லுது?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"எல்லாம் அடியில தான் கீது. டாக்டரம்மா வண்டிய இப்பதான் கயுவி, தொடச்சிகினு இருந்தான் டிரைவரு" என்றாள் அம்மா. அபார்ட்மென்ட்டுக்குக் கீழே தரைக்கடியில் வண்டி நிறுத்துமிடம். "தண்ணி வரும்னா அந்தம்மா கார அங்க வுட்டு வெக்குமா? அதுக்கு புள்ளய வுட கார் தான் ஒசத்தி."

"கேட்டுக்கினியா?" என்றார் அப்பா நிஷாவிடம்.

"அப்பா, கார வெச்சு பாக்காத. தண்ணி ஒயரம் அளக்க ஆத்துல கேஜ் வெச்சிருக்கோம். அந்தக் கேஜ் எந்தக் கட்சியும் இல்ல. அதுல ஏறிக்கினே இருக்கறத நான் கண்ணால பாத்துட்டு வர்றேன்."

"கேஜ் பொய் சொல்லாதும்மா. அத நான் ஒத்துக்கறேன். கேஜ பாத்து எழுதறவன் சொல்லுவான் இல்ல?"

"எழுதறதே நான்தான்."

"உன்ன எழுத சொல்றவன்?"

பாய் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "சண்ட போடாதீங்க. நான் போய் பாலத்த பாத்துட்டு வந்துடறேன். கார் இருந்துச்சுன்னா நானே பொன்னுரங்கத்த தோள்ல தூக்கினு போறேன்."

"உன் தோளு தாங்காது பாய்."

"அரே, மெத்தய தூக்கறவன் உன்ன தூக்க மாட்டனா? நீயும் பஞ்சு தான், தண்ணில நனஞ்ச பஞ்சு."

அவர் மொபெட்டை உதைத்துக்கொண்டு போனார். நிஷா சுவர் ஓரமாக நின்றாள். போன் வந்துகொண்டே இருந்தது, எடுத்து "ஆமா சார், வீட்டுலதான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அம்மா ஒரு பையில் துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். யார் பக்கம் சாய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். எனக்கு அக்கா சொல்வது உண்மை என்று பட்டது. அப்பா சொல்வதில் தப்பு எங்கே என்றும் தெரியவில்லை.

பாய் திரும்பி வந்தார். வண்டியை ஸ்டாண்ட் போடவில்லை, அதில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"ஒண்ணு இல்ல. பாலம் தொடச்சு வெச்சா மாதிரி கீது. சைடுல ஒரு ஆட்டோகாரன் கால நீட்டி தூங்கினு கீறான்."

அப்பா நிஷாவைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். தீர்ப்பு சொல்லிவிட்டது போல.

நிஷாவுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பாவுக்கு எதிரே குந்தினாள்.

"ஏன் கார் இல்லன்னு நான் சொல்றேன். அவங்களுக்கு யாரும் சொல்லல. அதான் கார் இல்ல."

"யாரு, அபார்ட்மென்ட்டுக்கா?"

"ஆமா. செவப்பு மேப்புல அவங்க இல்ல. நம்ம தெருவோட கோடு நின்னுடுச்சு. மேப்புல இருக்கறவங்க போனுக்குத்தான் மெசேஜ் போச்சு, அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் போகல."

"செவுரோட நின்னுடுச்சா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணி செவுத்தாண்ட வந்து, இது பெரிய மனுஷங்க எடம்னு திரும்பி போயிடுமா?"

"போகாது. அங்கயும் வரும். எங்க ஆபீஸ்ல பாலகணேஷ் சார் போட்ட கோடு அபார்ட்மென்ட்ட தாண்டித்தான் போச்சு. ரோடு வரைக்கும் போட்டிருந்தாரு. மேல இருந்து போன் வந்துச்சு. செவப்புல காட்டினா அந்த எடமெல்லாம் வெல போவாதாம். கட்டினவரு அவங்க ஆளு. கோட்ட உள்ள தள்ளிட்டாங்க."

அவள் அதை ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மறைக்காமல் சொல்லிவிட்டால் நம்புவார்கள் என்று நினைத்தாள். அலுவலகத்தின் அழுக்கை எங்கள் முன்னால் கொட்டிவிட்டால், தான் அலுவலகத்தின் ஆள் இல்லை, எங்கள் ஆள் என்று புரியும் என்று நினைத்தாள். படித்தவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "அந்த பாலகணேஷ் சார் நல்லவரா?"

"நல்லவருப்பா. அவருதான் என்ன இங்க போகச் சொன்னாரு. உங்க வீட்டாளுங்களையாச்சும் முதல்ல வெளில கூட்டிட்டு வான்னாரு."

"அவரு போட்ட கோட்ட அயிச்சாங்களே, அப்ப அவரு இன்னா பண்ணாரு?"

நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "கையெழுத்து போட்டாரு."

"சரி. அப்ப மேப்பு பொய்."

"மேப்பு பொய். தண்ணி நெசம்."

"அது எப்டிம்மா எனக்கு தெரியும்?" அப்பா கோபப்படவில்லை. பிள்ளையிடம் வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார். "ஒரே ஆபீஸு. ஒரே கையெழுத்து. அதுல ஒண்ணு பொய்யின்ற, ஒண்ணு நெசம்ன்ற. போன தடவையும் நெசம்னு தான் சொன்ன. பாய் வூடு போயிடுச்சு. எது பொய்யி எது நெசம்னு நான் மோந்து பாத்தா கண்டுபுடிக்கறது?"

"என்ன நம்புப்பா. ஆபீஸ வேணாம். என்ன நம்பு."

"உன்ன நம்பறேன். உன்கிட்ட எத சொன்னா நீ இன்னா பண்ணுவன்னு அவனுங்களுக்கு தெரியுமே. போன தடவ இந்தத் தெருவ காலி பண்ண போலீஸ் வரல. நீ தான வந்த."

அம்மா, "இன்னாயா பேசற புள்ளய பாத்து" என்று கத்தினாள். பாய் மொபெட்டிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். "அது கொயந்த நைனா. அதுக்கு இன்னா தெரியும். அது மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." அவர் அப்படிச் சொன்னது இன்னும் மோசமாக இருந்தது.

நிஷா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போகல. அம்மா, அசோக், நீங்க போங்க. நான் அப்பாவோட இங்கயே இருக்கேன். தண்ணி வரும்னு தெரிஞ்சே உக்காந்திருக்கேன். எனக்கும் சேத்து வரட்டும்."

அவள் கணக்கு இப்போதும் எனக்குப் புரிந்தது. பெண்ணைச் சாகவிட மாட்டார், எழுந்து வந்துவிடுவார் என்ற கணக்கு. அப்பா அவளை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இளகியது. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா பாய்? அவளே குந்திட்டா. தண்ணி வரும்னா குந்துவாளா? ஆபீஸ்ல சொல்லி அனுப்சிருக்கானுங்க, இதுவும் ஓடியாந்து ஒப்பிச்சிடுச்சு. உள்ளுக்குள்ள அதுக்கும் தெரியும். ஏ செண்பகம், புள்ளைக்கு சோறு போடு."

அம்மாவும் சிரித்துவிட்டாள். நிம்மதியாகச் சிரித்தாள். தட்டை எடுக்கவே போய்விட்டாள்.

நிஷா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் இவ்வளவு நேரம் சொன்ன எதையும் நம்பாதவர்கள், சும்மா உட்கார்ந்ததை உடனே நம்பிவிட்டார்கள். பிறகு அவள் எழுந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கட்டியும் அவிழ்த்தும் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அம்மாவின் மாத்திரை டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். என் சான்றிதழ்கள் இருக்கிற பிளாஸ்டிக் கவரை என் கையில் திணித்தாள். பாதியில் விட்ட படிப்பின் சான்றிதழ்கள், எதற்கும் உதவாதவை. செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏய், இன்னாடி" என்று கேட்டுக்கொண்டே அம்மா பின்னால் போனாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. நிஷா சண்டை போடாமல் எந்த விஷயத்தையும் விட்டவள் இல்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அவள் பேசாமல் போனதைப் பார்த்த பிறகுதான் அவருக்குள் ஏதோ நகர்ந்தது. எட்டிப் பார்த்தார். அவள் தெருவில் பாதி தூரம் போயிருந்தாள்.

"அசோகா, அவ நெசமாலுமே போறா."

"ஆமாம்பா."

"என்ன வுட்டுட்டு போறா."

எதையாவது சொன்னால் கெட்டுவிடும் என்று இருந்தது. அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டையை மாட்டினார், பொத்தான் போடவில்லை. ஆணியில் தொங்கிய பையை எடுத்தார். குடும்ப அட்டையும் ஆதாரும் இருக்கும் பை அது.

"பாய், நீ வண்டில என்ன ஏத்திக்க. முட்டி வராது."

"ஏறு நைனா, ஏறு" என்றார் பாய். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இதை நான் விசாரணையில் சொன்னேன், அவர்கள் எழுதவில்லை. வீட்டை விடாதே என்று அவர்தான் தெருவுக்குச் சொல்லித் திரிந்தார் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்.

அப்பா வாசலைத் தாண்டினார். கதவைச் சாத்தக்கூட நினைக்கவில்லை. பாய் வண்டியைத் திருப்பினார். நான் அப்பாவின் அக்குளில் கை கொடுத்துப் பின் இருக்கையில் ஏற்றப் போனேன்.

தெருமுனையில் ஜேசிபி நின்றது.

எப்போது வந்தது என்று தெரியவில்லை. மஞ்சள் உடம்பு வழியை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. மண்வாரி மடங்கி மேலே தூக்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் கார்ப்பரேஷன் ஜீப், ஒரு போலீஸ்காரர், காக்கிச் சட்டைக்காரர்கள். நிஷாவும் அம்மாவும் ஜேசிபிக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் நுழைந்து மறுபக்கம் போய்விட்டார்கள்.

அந்த ஜேசிபி முகத்துவாரத்துக்குப் போகவிருந்த வண்டி. கடல் அடைத்திருந்த மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் கொஞ்சம் சீக்கிரம் வடியும் என்று அனுப்பியிருந்தார்கள். சரியான காரியம்தான். பட்டினப்பாக்கம் போகிற வழியில் ஓட்டுநர் டீ குடிக்க எங்கள் தெருமுனைக் கடையில் நிறுத்தியிருந்தார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் நாங்கள் பார்த்தது ஜேசிபியை மட்டும்தான்.

"வந்துட்டானுங்க" என்றார் பாய். வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு தெருமுனையை நோக்கி ஓடினார். "யாரு அனுப்சாங்க? ஆள் கீறாங்கடா உள்ள, ஆள் கீறாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். தெருவில் மற்ற வீடுகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. புறப்பட்டு வெளியே நின்றிருந்த சிலர் திரும்ப உள்ளே போனார்கள். கதவுகள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

அப்பா என் கையை விலக்கினார். அவ்வளவு பலம் அவரிடம் இன்னும் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"அப்பா, அது வேற எதுக்காச்சும் வந்திருக்கும்பா. அக்கா போனத பாத்த இல்ல? வாப்பா."

"அவள ஏமாத்தி அனுப்சிட்டானுங்க. பாவம் அவ. அவளுக்கு தெரியாது."

"வூடு போனா போவட்டும்பா."

"போவட்டும்னு சொல்றதுக்கு நீ கட்டல." அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார். "நீ போ. அம்மாவ பாத்துக்க. வேளைக்கு மாத்தர குடுத்துடு."

நானும் உள்ளே நுழையப் பார்த்தேன். என் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். முறைப்பாகத் தள்ளவில்லை. மீன்பாடி வண்டியில் நான் ஏறி விளையாடும்போது இறக்கிவிடுகிற மாதிரிதான் தள்ளினார்.

அன்று பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்தது. அக்கா சொன்ன நேரத்துக்கு, அக்கா சொன்னபடியே வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை, சுவரைச் சாய்த்துவிட்டு இரண்டு பக்கமும் ஒன்றாகப் போனது. டாக்டரம்மாவின் காரை மறுநாள் தரைக்கடியிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். எங்கள் வரிசையில் உள்ளே இருந்து செத்தவர்கள் எல்லாரும் குடும்ப அட்டையில் தலைவராக இருந்தவர்கள். பாய் இன்னும் மெத்தை தைக்கிறார், எங்கள் தெரு இருந்த பக்கம் வருவதில்லை. நிஷா இப்போதும் அதே மையத்தில்தான் வேலை செய்கிறாள். கோட்டைத் தள்ளச் சொல்லி போன் செய்தவர் யார் என்று விசாரணையில் யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காததை அவள் சொல்லவும் இல்லை.

நான் சொல்ல வேண்டியது கதவு வரைக்கும்தான்.

"அப்பா, கதவ தொறந்தே வையி. தண்ணி வந்தா ஓடி வரலாம்" என்றேன்.

"தொறந்து வெச்சா இஸ்துனு போய் வெளில போடுவானுங்க. போன தடவ ஆத்தோரத்து வூட்டு சகுந்தலா ஸ்கூல்லேர்ந்து ஓடியாந்து உள்ள குந்தினப்ப அப்டி தான் இஸ்தானுங்க." தெருமுனையில் பாய் யாருடனோ சண்டை போடும் சத்தம் கேட்டது. அப்பா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆள் எண்ண வந்து தட்டினா கொரல் குடுக்கறேன். நீ கவலப்படாத. போ."

கதவைச் சாத்தினார். உள்ளே மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, அவர் முனகிக்கொண்டே குனிந்து போட்ட கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது.